குழுச் சிகிச்சைப் பயிற்சி: இருக்கிற வேலையை விடாமல் சோதித்துப் பார்க்கலாமா?

முறிகண்டிச்சந்தி

வணக்கம். கிளிநொச்சியில் நிதி நிறுவனமொன்றில் கள உத்தியோகத்தராக இருக்கிறேன், நுண்கடன் பக்கம். உளவளத்துணைத் துறைக்கு மாறலாமா என்று யோசனை. குழுச் சிகிச்சை பற்றிய ஐந்து நாள் அறிமுகப் பயிற்சி ஒன்றுக்கு விண்ணப்பம் கேட்டிருக்கிறார்கள். லீவு போட்டுப் போனால், இந்த வேலை எனக்குச் சரிவருமா என்பது அந்த ஐந்து நாளில் பிடிபடுமா? அங்கே உண்மையில் என்னதான் செய்ய வைப்பார்கள்? பெண்கள் குழுக்களைக் கூட்டி நடத்துகிற பழக்கம் நிறைய இருக்கிறது, அது கைகொடுக்குமா? ஏ.எல். முடித்திருக்கிறேன், பட்டம் இல்லை.

பாலைமரநிழல்

பிடிபடும், பயிற்சி ஒழுங்கானதாக இருந்தால். காசு கட்ட முதல் ஏற்பாட்டாளரிடம் மூன்று விசயம் கேளுங்கோ. ஒரு தொகுதிக்கு எத்தனை பேர்? நான் குழு உறுப்பினராக இருந்து பார்க்க எத்தனை மணித்தியாலம்? பயிற்சி முடிந்த பிறகு என் வேலையை யார் மேற்பார்வை செய்வார்? நாற்பது பேரை மண்டபத்தில் இருத்தி புரொஜெக்டர் போடுவது விரிவுரை. அதைக் கேட்டுவிட்டு வந்து உங்களைப் பற்றி ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது.

நல்ல பயிற்சியில் முதல் இரண்டு நாள் நீங்களே உறுப்பினர். ஏழெட்டுப் பேர் வட்டமாக இருந்து, சொந்த வாழ்க்கையில் அளவான ஒரு விசயத்தைக் கதைக்க வேண்டும். பலருக்கு இங்கேதான் சிக்கல். கேட்கத் தயார், சொல்லத் தயாரில்லை. உறுப்பினராக இருக்கவே முடியாதவருக்கு நடத்துகிற கதிரையும் சரிவராது. பிறகு உள்வட்டம், வெளிவட்டம். உள்ளே ஆறு பேர் குழுவாக நடிப்பார்கள், ஒருவர் நடத்துவார், வெளியே இருப்பவர்கள் பார்த்துக் குறிப்பெடுப்பார்கள். இருபது நிமிடம் நடத்தினால் நாற்பது நிமிடம் அதைப் பற்றிக் கதைப்பார்கள்.

அந்த இருபது நிமிடத்தில் எல்லாரும் விழுகிற குழி ஒன்றுதான். உறுப்பினர் ஒருவர் அழத் தொடங்குவார். நடத்துபவர் உடனே கதிரையை முன்னுக்கு இழுத்து, "அழாதேங்கோ அக்கா, எல்லாம் சரிவரும்" என்பார். அந்த நொடியில் மற்ற ஐந்து பேரும் பார்வையாளராகி விடுவார்கள், நடப்பது தனிநபர் உளவளத்துணை. கதிரையை நகர்த்தாமல், அவர் அழ இடம் விட்டு, மற்றவர்களின் முகத்தை ஒருதரம் சுற்றிப் பார்த்து, "இதைக் கேட்கேக்க உங்களுக்கு என்ன மாதிரி இருக்கு?" என்று கேட்கப் பழக வேண்டும். "எனக்கும் அப்படித்தான்" என்று பக்கத்தில் இருப்பவர் சொல்வதில்தான் குழுவின் பலன் இருக்கிறது. குழுச் சிகிச்சையில் பேர்போன அமெரிக்க உளமருத்துவர் இர்வின் யாலோம் வகுத்த 11 குணமாக்கும் காரணிகளில் இது ஒன்று. நடத்துபவர் முந்திக்கொண்டால் அது நடக்கவே நடக்காது.

கடன்குழு அனுபவம் பாதி உதவும். நேரத்துக்குத் தொடங்குவது, பெயர் நினைவில் வைப்பது, சத்தம் போடுபவரை அடக்காமல் அமத்துவது எல்லாம் கைவந்திருக்கும். மற்றப் பாதியை மறக்க வேண்டும். கடன்குழுவில் ஒருவர் வராவிட்டால் மற்றவர்கள் தலையில் பொறுப்பு விழும், அதனால் குழுவே அவரை நெருக்கும். இங்கே ஒருவர் வராவிட்டால் அவரைப் பற்றி மற்றவர்கள் கதைக்க விடாமல், தனியாகப் போய் விசாரிக்க வேண்டும். அதோடு, நீங்கள் தவணை வாங்கின பெண்களை உங்கள் சிகிச்சைக் குழுவில் சேர்க்கவே கூடாது. வேலையை விட்ட பிறகும்தான்.

குளக்கட்டுக்காற்று

மேலே சொன்னது சரி. ஆனால் வன்னியில் குழு உடைவது பெரும்பாலும் நடத்துகிற விதத்தால் இல்லை, ஆள் சேர்க்கிற விதத்தால். கிராம அலுவலரிடம் பட்டியல் வாங்கி, மாதர் சங்கத்தில் அறிவித்து, வந்தவர்களை இருத்தினால் இரண்டாவது அமர்விலேயே பாதிப் பேர் வரமாட்டார்கள். சேர்க்க முதல் ஒவ்வொருவரையும் தனியாக அரை மணி, முக்கால் மணி சந்திக்க வேண்டும். அதில் பார்க்க வேண்டியது: இந்தக் குழுவில் இவருக்குச் சொந்தக்காரர் யார், யாருக்கு இவர் பிணை நின்றிருக்கிறார், யாரோடு காணிப் பிரச்சினை. மாமியும் மருமகளும் ஒரே குழுவில் இருந்தால் இருவருமே வாய் திறக்கமாட்டார்கள். ஒருவருக்கொருவர் பிணை நின்ற பெண்களும் அப்படித்தான். "காசு இல்லை" என்று குழுவில் சொன்னது அடுத்த தவணை நாளில் திரும்பி வரும்.

எண்ணிக்கை: ஏழெட்டுப் பேர் நல்லது, ஐந்துக்குக் கீழே போனால் குழு நிற்காது. பத்துப் பேரோடு தொடங்குங்கோ, இரண்டு பேர் இடையில் நின்றுவிடுவார்கள். அமர்வு 90 நிமிடம். உலக சுகாதார நிறுவனத்தின் குழு ஆளிடை உறவுச் சிகிச்சை தனியாக ஒரு சந்திப்பும் குழுவாக எட்டு அமர்வும் கொண்டது. மனச்சோர்வுக்கானது. துக்கம், பிணக்கு, வாழ்க்கை மாற்றம், தனிமை என்று நாலு பிரச்சினை வகை வைத்திருக்கிறது. இங்கேதான் கவனம். காணாமல் ஆக்கப்பட்டவரின் தாயை "துக்கம்" என்ற வகைக்குள் போட்டு, "இழப்பை ஏற்றுக்கொள்ள" வழிநடத்தினால் அவர் எழும்பிப் போவார், போவதில் நியாயமும் இருக்கிறது. கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20 தொடங்கிய போராட்டமே "எங்கட பிள்ளை எங்கே" என்று கேட்கிறது. பிள்ளை உயிரோடு இருக்கிறானா இல்லையா என்பதில் நடத்துபவர் எந்தப் பக்கமும் நிற்கக் கூடாது. தெரியாமலே எப்படி நாளைக் கடத்துகிறார் என்பதோடு நின்றுகொள்ளுங்கோ.

காலத்தைப் பார்த்துத் தொடங்குங்கோ. தை, மாசியில் காலபோக அறுவடை, ஆள் வராது. மே 18-ஐ ஒட்டிப் புதுக் குழு தொடங்கவும் வேண்டாம். அந்தக் கிழமைகளில் எல்லாருக்கும் எல்லாம் கிளம்பும், ஆளையாள் பழகாத குழு அதைத் தாங்காது.

இடம்: பொதுநோக்கு மண்டபத்துக்கு அரைச்சுவர்தான், றோட்டால் போகிறவருக்கும் கேட்கும். பின்னேரம் முன்பள்ளிக் கட்டடம் கேட்டுப் பாருங்கோ, பாயில் இருக்கலாம். நிதி தருபவர் வரவுப் பட்டியல், கையெழுத்து, படம் எல்லாம் கேட்பார். படத்துக்கு மறுத்துவிடுங்கோ. இந்த மண்ணில் பெயர்ப்பட்டியல் என்றாலே சனத்துக்குப் பயம், பட்டியல் எங்கே போகும் என்று முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

முறிகண்டிச்சந்தி

நன்றி இருவருக்கும். அப்படியென்றால் என் பகுதியில் எனக்கு வேலையே இல்லை போல. நான் ஆம்பிளை வேறு. பெண்கள் குழுவில் கதைப்பார்களா?

வெள்ளைப்பலகை

தம்பி, வேறு பிரதேச செயலகப் பிரிவில் செய்யலாம். துணுக்காயிலோ மாந்தையிலோ உங்களை ஒருவருக்கும் தெரியாது. பெண்கள் குழுவைத் தனியாக நடத்தாதேங்கோ, ஒரு பெண்ணோடு சேர்ந்து இருவராக நடத்துங்கோ, முதன்மை அவருக்கு. ஆனால் ஆண்கள் குழு நடத்த ஆளே குறைவு. ஆண்களை "மனநலம்" என்று கூப்பிட்டால் வரமாட்டார்கள். குடி, நித்திரையின்மை, கோபம் என்று கூப்பிட்டால் சிலர் வருவார்கள். குடிவெறியில் வந்தால் அன்றைக்கு உள்ளே விடுவதில்லை என்பதை முதல் சந்திப்பிலேயே பேசி வைக்க வேண்டும்.

வேலை மாற்றத்தைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை. ஐந்து நாள் சான்றிதழுக்கு ஒருவரும் சம்பளம் தரமாட்டார்கள். பட்டம் இல்லாதபடியால் உங்களுக்கு முதலில் வேண்டியது உளவளத்துணை டிப்ளோமா. தேசிய சமூக அபிவிருத்தி நிறுவகத்தில் இருக்கிறது. அனுமதித் தகுதியையும் தமிழ்மொழி மூலத்தையும் அங்கேயே விசாரியுங்கோ. யாழ்ப்பாணத்தில் சாந்திகம் என்ற உளவளத்துணை நிறுவனத்திடமும் கேட்டுப் பாருங்கோ. குழுப் பயிற்சி அதன் மேல் வரவேண்டிய அடுக்கு. அளவு தெரிய ஒரு கணக்கு: அமெரிக்கக் குழு உளச்சிகிச்சைச் சங்கத்தின் சான்றிதழுக்கு 300 மணித்தியாலம் குழு நடத்தியிருக்க வேண்டும், 75 மணித்தியால மேற்பார்வையும் வேண்டும். அதற்குப் பக்கத்தில் ஐந்து நாள் எவ்வளவு என்று பாருங்கோ.

தொண்டு நிறுவன வேலைகள் திட்டத்தோடு தொடங்கித் திட்டத்தோடு முடியும். ஆகவே இப்போதைக்கு வேலையை விட வேண்டாம். பயிற்சிக்குப் போங்கோ. பிடித்தால், நடந்துகொண்டிருக்கும் குழு ஒன்றில் சனிக்கிழமைகளில் துணையாக இருக்க முடியுமா என்று கேளுங்கோ. எட்டு அமர்வு முழுக்க இருந்தால்தான் தெரியும். மூன்றாம் நாலாம் அமர்வில் குழு உங்களோடு கோபப்படும், "இதால என்ன பிரயோசனம்?" என்று கேட்கும். அதற்கு நியாயம் சொல்லாமல் கேட்டுக்கொண்டு இருக்க ஏலுமா என்பதுதான் சோதனை. தவணை வாங்கிப் பழகின ஆளுக்கு இது இலேசில்லை.

இன்னொன்று. "எல்லாரும் நடந்ததைச் சொல்லி அழுதால் பாரம் குறையும்" என்று ஒரே அமர்வில் போர்க்கால அனுபவங்களைக் கிண்டச் சொல்லும் பயிற்சி என்றால் விலகி வாருங்கோ. அனர்த்தம் நடந்த கையோடு அப்படி ஒரே அமர்வில் கதைக்க வைப்பதை உலக சுகாதார நிறுவனமே பரிந்துரைப்பதில்லை. கிளறிவிட்டு வீட்டுக்கு அனுப்பினால் அன்றிரவு அவரோடு யார் இருப்பது?

பாலைமரநிழல்

அதோடு, தற்கொலை எண்ணம் இருப்பவரைக் கண்டால் என்ன செய்வது என்று பயிற்சியில் எழுத்தில் தருகிறார்களா என்றும் பாருங்கோ. மனச்சோர்வை அளக்கிற பி.எச்.கியூ-9 வினாக்கொத்து பாவித்தால் மொத்தப் புள்ளியைக் கூட்டிவிட்டு விடக் கூடாது, தற்கொலை எண்ணம் பற்றிக் கேட்கிற ஒன்பதாம் கேள்வியைத் தனியாகப் பார்க்க வேண்டும். அதில் பூச்சியம் தவிர எது வந்தாலும் அன்றைக்கே தனியாகக் கதைத்து, தேவைப்பட்டால் மாவட்ட வைத்தியசாலை மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போக வேண்டும். 1926 தேசிய மனநல உதவி இலக்கம், அதை எல்லாருக்கும் முதல் அமர்விலேயே எழுதிக் கொடுங்கோ. மனநலப் பிரிவில் யாரிடம் பாரப்படுத்துவது, கிளினிக் எந்த நாள் என்பதைக் குழு தொடங்க முதலே நேரில் போய்க் கேட்டு வையுங்கோ.