மாட்ரிட் டு லிஸ்பன் போக 20 நிமிஷம், திரும்பி வர 2 மணி 20 நிமிஷமா??

நாடோடிக்குருவி:
மக்களே ஒரு டவுட்டு. அக்டோபர்ல அம்மா அப்பாவ கூட்டிட்டு மாட்ரிட் போறோம், அங்கருந்து லிஸ்பன் ஒரு எட்டு பாத்துட்டு திரும்ப மாட்ரிட். டிக்கெட் தேடுனா போறது காலைல 10:00க்கு கிளம்பி 10:20க்கே இறங்குதாம், வர்றது சாயங்காலம் 4 மணிக்கு ஏறுனா 6:20ங்குது. ஒரே தூரம்தானப்பா? அந்த தூரமும் ஒரு வெப்சைட்ல 500 கிலோமீட்டர், மேப்ல 600க்கு மேல. எதத்தான் நம்புறது? அப்பா வேற ட்ரெயின்லயே போலாம், ஜன்னலோரம் உக்காந்து வேடிக்க பாக்கணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறார்.

பட்டணம்பொடி:
டிக்கெட்ல இருக்கறது அந்தந்த ஊர் டைம் ப்ரோ. போர்ச்சுகல் ஸ்பெயினுக்கு 1 மணி நேரம் பின்னாடி. ரெண்டு பக்கமுமே 1 மணி 20 நிமிஷம்தான், போகும்போது 1 மணி நேரம் கழியுது வரும்போது கூடுது, அவ்ளோதான். அதுலயும் வானத்துல பறக்கறது 1 மணி நேரம் பக்கம்தான் வரும், மிச்சம் மாட்ரிட்டோட பராஹாஸ் ஏர்போர்ட்ல ரன்வேக்கு உருட்டிட்டே போறதுக்கு, 4 ரன்வே இருக்கற பெரிய இடம் அது. 500ங்கறது வான்வழி நேர்கோடு, ரோட்ல போனா 625 கிட்ட வரும், ரெண்டுமே சரிதான்.

ஓரஞ்சாரம்:
அப்பாட்ட பக்குவமா சொல்லிருங்க, நேரடி ட்ரெயின் கெடையாது. லுசிடானியான்னு ஒரு நைட் ட்ரெயின் ஓடிட்டு இருந்துச்சு, 2020 மார்ச்ல கொரோனாவுக்கு நிறுத்துனது அதோட போச்சு. இப்ப ஸ்பெயின் எல்லை ஊரான பதாஹோஸ்ல எறங்கி வண்டி மாறி மாறி போனா பகல் முழுக்க ஓடிரும், வயசானவங்கள வச்சுட்டு அது வேண்டாம். ரெண்டு நாட்டோட தலைநகரம், பக்கத்து பக்கத்து நாடு, இதுக்கு ஒரு ட்ரெயின் விட மனசில்ல இவங்களுக்கு. பஸ் இருக்கு, ஆனா 8 மணி நேரம் கிட்ட ஆகும்.

மீசைக்காரன்:
டைம் மேட்டர்ல இன்னொரு கூத்து. மாட்ரிட்டே லண்டனுக்கு மேற்கால இருக்கு, நியாயமா லண்டன் டைம்தான் வரணும். 1940ல ஸ்பெயின் சர்வாதிகாரி ஃபிராங்கோ ஆட்சில கடிகாரத்த 1 மணி நேரம் முன்னாடி தள்ளுனாங்க, இன்னிக்கு வரை மாத்தல. அதனாலதான் ஜூன்ல ஸ்பெயினோட மேற்கு ஓரத்துல இருக்கற வீகோ பக்கமெல்லாம் ராத்திரி 10 மணிக்கு மேலதான் பொழுதே சாயும். போர்ச்சுகலும் 1992ல அந்த டைமுக்கு மாறி பாத்துச்சு, குளிர்காலத்துல புள்ளைங்க இருட்டுலயே ஸ்கூலுக்கு போக வேண்டியதாயிருச்சு, 1996ல பழையபடி மாத்திட்டாங்க.

நாடோடிக்குருவி:
ஓ அப்ப சரி, ஃபிளைட்டே போட்டுர்றேன். நடுவுல இமிக்ரேஷன் லைன்ல நிக்கணுமா? அம்மாவுக்கு முட்டி வலி.

பட்டணம்பொடி:
ரெண்டு நாடுமே ஷெங்கன், அதாவது உள்ளுக்குள்ள எல்லை செக்கிங் இல்லாத ஐரோப்பிய நாடுகள் கூட்டம், அதனால வழக்கமா கிடையாது, ஆனா பாஸ்போர்ட் கையிலயே இருக்கட்டும். முட்டி வலின்னா டிக்கெட் போடும்போதே வீல்சேர் கேட்டுருங்க, மாட்ரிட் ஏர்போர்ட் டி4 (4வது டெர்மினல்) நடந்து மாளாது. அப்பாவுக்கு போகும்போது வலது பக்க ஜன்னல் போடுங்க. லிஸ்பன்ல பெரும்பாலும் தெக்கேருந்து ஆத்த தாண்டி ஊருக்கு மேலயே தாழ பறந்து எறங்குவான், அந்த செவப்பு தொங்குபாலம், ஓட்டு வீடு எல்லாம் கிட்டக்க தெரியும். ட்ரெயின் பேச்சயே எடுக்க மாட்டார்.