'பட்டட்' குழாய்: முட்டா, தடிப்பா?

நண்பர்களுக்கு வணக்கம்.

மிதிவண்டியின் உடற்சட்டத்துக்கு (frame) உதவும், சுவர் முனைகளில் தடித்தும் நடுவில் மெலிந்தும் இருக்கும் 'பட்டட்' (butted) குழாயைத் தமிழில் 'முட்டுக்குழாய்' என்று அழைக்கலாம் என்று இந்தக் கலைச்சொல் விவாதத்தில் வந்த பரிந்துரையை என்னால் ஏற்க முடியவில்லை. இரு முனைகளை முட்டவைத்துப் பற்றவைக்கும் முறைக்கும் ஆங்கிலத்தில் அதே சொல் வழங்குவதால் நேர்ந்த மயக்கம் அது. இங்கே அச்சொல் துப்பாக்கிக் கட்டையைப் போலத் தடித்த கடைப்பகுதியையே குறிக்கிறது.

சென்ற வாரம் வியாசர்பாடியில் ஜன்னல் கிரில் செய்யும் பட்டறை ஒன்றில், விரிசல் விட்ட பழைய சட்டத்தின் கீழ்க்குழாயை நெடுக்காக அறுத்துப் பார்த்தேன். அறுக்கும் முன் வெர்னியர் அளவுகோலை எங்கே வைத்தாலும் வெளிவிட்டம் 28.6 மி.மீ. என்றே காட்டியது. அறுத்த பின் அளந்தால், குழாயின் சுவர் முனைகளில் 0.9 மி.மீ., நடுவில் 0.6 மி.மீ. உட்புறத்தில் விரலை ஓட்டினால், எங்கே மெலியத் தொடங்குகிறது என்று சொல்ல முடியாதபடி அவ்வளவு மெல்லிய சரிவு. "ரெண்டு பக்கமும் கேஜு ஜாஸ்தி, நடுவுல கம்மி" என்றார் பட்டறைக்காரர்; கேஜு என்று அவர் சொன்னது தடிமனை. இந்த விவாதத்தில் இதுவரை வந்த வரையறைகளில் இதைவிடத் தெளிவானது எதுவும் இல்லை.

காரணமும் அதில் அடங்கியிருக்கிறது. வளைக்கும் விசை மூட்டுகளின் அருகில்தான் மிகுதியாகத் தாக்குகிறது. பற்றவைக்கும் சூட்டில் எஃகு வலுவிழப்பதும் அங்கேதான். நடுப்பகுதிக்கு அவ்வளவு உலோகம் தேவையில்லை. பர்மிங்காமில் ஆணி செய்துவந்த குடும்பத்தின் ஆல்ஃபிரட் ரெனால்ட்ஸ் 1897இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். நடுவில் பருத்து முனைகளில் ஒல்லியாக இருக்கும் எஃகு உள்ளச்சின் மேல் குழாயைப் போட்டு, அச்சுத்துளை வழியாக இழுக்கிறார்கள். அப்போது சுவர் உள்ளச்சின் வடிவத்தை ஏற்றுக்கொள்கிறது. ஆனால் உள்ளச்சு உள்ளேயே மாட்டிக்கொள்கிறது. சாய்வாக அமைந்த உருளைகளுக்கிடையே குழாயை உருட்டிச் சற்றே விரியச் செய்த பிறகுதான் அதை உருவ முடிகிறது.

ஆகவே, தடிப்பு உள்ளே இருக்கிறது என்பதைச் சொல் காட்டியாக வேண்டும். 'முனை பருத்த குழாய்' என்றால் வெளியே புடைத்ததாகிவிடும். எனக்குப் பிடித்திருந்த 'தூர்க்குழாய்' என்பதையும் இதே காரணத்தால் கைவிட்டேன். பனையின் தூர் வெளிப்பக்கமாக அல்லவா அகல்கிறது! வெறும் 'தடிப்பு' என்று விட்டாலும் பூச்சிக்கடி நினைவுக்கு வருகிறது. எனவே 'அகத்தடிப்புக் குழாய்' என்பதை முன்மொழிகிறேன்.

பெரும்பாலான இருக்கைக் குழாய்களைப் போல ஒரு முனையில் மட்டும் தடித்தது ஒருமுனை அகத்தடிப்பு. இரண்டிலும் தடித்தது இருமுனை அகத்தடிப்பு. 'ட்ரிபிள் பட்டட்' என்பதை மட்டும் 'மும்முனை' என்று எழுதிவிட வேண்டாம். குழாய்க்கு ஏது மூன்றாம் முனை? இரு முனைகளுக்கும் வெவ்வேறு தடிமன், நடுவுக்கு வேறொன்று என மூன்று அளவுகள் இருப்பதையே அது சுட்டுகிறது. அதற்கு 'மூவளவு அகத்தடிப்பு' பொருந்தும் என்பது என் கருத்து. இதைவிடக் குறுகிய சொல் கிடைத்தால் இதை விட்டுக்கொடுக்க அணியமாக இருக்கிறேன்.