ரிலீஸ் வாக்கெடுப்பில் நான் போட்ட -1க்கு மதிப்பே கிடையாதா?

சின்ன_பேட்ச்:
நாங்கள் நடுத்தர அளவில் ஒரு லைப்ரரியைப் (மற்ற புரோகிராம்கள் எடுத்துப் பயன்படுத்தும் கோடுத் தொகுப்பு) பராமரிக்கிறோம். ஓப்பன் சோர்ஸ் திட்டங்களை நடத்தும் அப்பாச்சி அறக்கட்டளையில் இல்லை, ஆனால் அவர்களுடைய வாக்களிப்பு விதிகளை (+1 என்றால் ஆதரவு, -1 என்றால் எதிர்ப்பு) அப்படியே எடுத்துக்கொண்டோம். போன வாரம் ஆர்சி2, அதாவது அடுத்த ரிலீஸுக்கான இரண்டாவது கேண்டிடேட், வாக்கெடுப்புக்கு வந்தது. இறக்கி ஓட்டிப் பார்த்தேன், காலிக் கோப்பைக் கொடுத்தால் அதைப் படித்துப் பிரிக்கிற பார்சர் படுத்துவிடுகிறது. விவரமாக எழுதி -1 போட்டேன். 72 மணி நேரம் முடிந்ததும் "மூன்று +1, ஒரு -1, நிறைவேறியது" என்று சொல்லி வெளியிட்டும் விட்டார்கள். போன மாதம் இதே ஆட்கள்தான் ஒரு புல் ரெக்வெஸ்ட்டில் (கோடு மாற்றத்தைச் சேர்க்கச் சொல்லும் கோரிக்கை) ஒரே ஒரு -1 விழுந்ததற்காக அதை மூட்டை கட்டி வைத்தார்கள்! இது என்ன கணக்கு? அப்புறம், நான் கோடை நேராக மாற்றும் உரிமை உள்ள கமிட்டர்தான், நிர்வாகக் குழுவில் இல்லை. அப்படியென்றால் என் ஓட்டு சும்மா ஒப்புக்குத்தானா?

ஆர்எம்_ஓய்வில்:
கணக்கில் தப்பு இல்லை. அந்த விதிகளில் கோடு மாற்றத்துக்கு ஒருவர் தொழில்நுட்பக் காரணத்தோடு -1 போட்டால் அது வீட்டோ, காரணம் தீரும்வரை மாற்றம் உள்ளே போகாது. ரிலீஸுக்கு வீட்டோவே கிடையாது. குறைந்தது மூன்று பைண்டிங் +1 (கணக்கில் சேரும் நிர்வாகக் குழு ஓட்டு) வேண்டும், -1களைவிட +1கள் அதிகம் இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஏன் இப்படி என்றால், ஒரு பேட்ச் நின்றால் எழுதியவர் திருத்திக்கொண்டு திரும்ப வருவார், ரிலீஸ் நின்றால் மற்ற எல்லாருடைய வேலையும் சேர்ந்து நிற்கும், பிழையே இல்லாத நாள் பார்த்து வெளியிடுவதென்றால் எதுவுமே வெளியே போகாது. நீங்கள் பார்த்த பிழை முந்தைய ரிலீஸிலும் இருந்ததா? இருந்தால் நானும் +1தான் போட்டிருப்பேன். புதிதாக முளைத்தது என்றால் கதை வேறு.

ஒப்புக்கு ஓட்டா என்று கேட்டீர்கள். ரிலீஸ் மேனேஜர் நினைத்தால் எத்தனை +1 விழுந்திருந்தாலும் கேண்டிடேட்டைத் திரும்பப் பெறலாம். நான் ஒரு முறை ஐந்து +1 கையில் இருக்கும்போதே இழுத்துக்கொண்டேன், காரணம் குழுவிலேயே இல்லாத ஒரு பயனர் போட்ட -1. அன்று ராத்திரி எனக்கு வந்த கோபம் வேறு விஷயம்.

தார்க்கட்டு:
உங்கள் -1ஐ விட அந்த மூன்று +1தான் எனக்கு உறுத்துகிறது. எப்படிப் போட்டார்கள்? அப்பாச்சியில் பைண்டிங் +1 போடுகிறவர் சோர்ஸ் பேக்கேஜைத் தன் சொந்தக் கணினியில் இறக்கி, வெளியிட்டவரின் டிஜிட்டல் கையொப்பத்தைச் சரிபார்த்து, கம்பைல் செய்து, சோதித்துப் பார்த்திருக்க வேண்டும் என்பது கட்டாயம். லைசென்ஸ், நோட்டீஸ் கோப்புகளையும் பார்க்க வேண்டும். "சிஐ பச்சையாக இருக்கிறது, +1" என்று தானியங்கிச் சோதனையை மட்டும் பார்த்துப் போடுவது ஓட்டே இல்லை.

2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்கும் மென்பொருளின் விவகாரம் வெளியே வந்ததே, அதில் 5.6.0, 5.6.1 பதிப்புகளின் டார்பால்களில் (வெளியிடப்படும் சோர்ஸ் பொதி) பின்கதவைக் கிளப்பிவிடும் எம்4 ஸ்கிரிப்ட், எல்லாரும் கோடைப் பார்க்கிற கிட் களஞ்சியத்தில் இல்லை, டார்பாலில் மட்டும்தான் இருந்தது. கையொப்பம் சரியாகவே இருந்தது, ஏனென்றால் போட்டவரே பராமரிப்பாளர். கடைசியில் மாட்டியது, தொலைவிலுள்ள கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் லாகின் அரை நொடி தாமதமானதை ஒருவர் தோண்டிப் பார்த்ததால். மூன்று பேர் ஓட்டுப் போட்டிருந்தால் பிடிபட்டிருக்குமா என்றால் சொல்ல முடியாது, ஆட்டோடூல்ஸ் என்ற பில்ட் கருவிகளால் தயாரித்த டார்பாலில் கிட்டில் இல்லாத கோப்புகள் எப்போதும் இருக்கும், யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். ஆனாலும் கிட்டில் அந்தப் பதிப்பைக் குறிக்கும் டேக்கையும் டார்பாலையும் டிஃப் போட்டு, அதாவது வரிக்கு வரி ஒப்பிட்டுப் பார்க்கிற ஆள் ஒருவராவது வேண்டும்.

ஓரமாக_ஒருவன்:
நடுத்தர லைப்ரரிக்கு எதற்கு இவ்வளவு சடங்கு? லினக்ஸ் கெர்னலில் ஓட்டே கிடையாது. இரண்டு வாரம் மெர்ஜ் விண்டோ (புதிய மாற்றங்களைச் சேர்க்கும் காலம்), பிறகு வாரம் ஒரு ஆர்சி, ஏழோ எட்டோ ஆனதும் அதை உருவாக்கிய லினஸ் டேக் போடுவார். பைத்தானில் 2018இல் அந்த மொழியை உருவாக்கிய கைடோ தலைமையிலிருந்து விலகிய பிறகு ஐந்து பேர் கவுன்சிலைத் தேர்தல் வைத்துத் தேர்ந்தெடுக்கிறார்கள், ஆனால் ஒவ்வொரு ரிலீஸுக்கும் ஓட்டெடுப்பு நடத்துவதில்லை, அது ரிலீஸ் மேனேஜர் பொறுப்பு.

ஆர்எம்_ஓய்வில்:
லினஸ் மாதிரி எல்லாரும் ஒத்துக்கொள்கிற ஒரு ஆள் இருந்தால் சரி. இல்லாத இடத்தில் ஓட்டு எதற்கென்றால், வெளியிட்டது தனி ஆள் அல்ல, குழு என்று பதிவாகிறது. நாளைக்குப் பிரச்சினை வந்தால் பழி ஒரே தலையில் விழாது.

சின்ன_பேட்ச்:
இப்போதுதான் பார்த்தேன், முந்தைய ரிலீஸிலும் அதே இடத்தில் படுக்கிறது. சரி, அந்த விஷயத்தில் நான் அடங்கிக்கொள்கிறேன். ஆனால் மூன்று +1இல் இரண்டு வெறும் "+1", பக்கத்தில் ஒரு வார்த்தை கூட இல்லை. எதைச் சரிபார்த்தீர்கள் என்று அடுத்த ஆர்சியில் நேராகவே கேட்கப்போகிறேன். மூன்று தேறாவிட்டால்?

தார்க்கட்டு:
வாக்கெடுப்பைத் திறந்தே வையுங்கள். 72 மணி நேரம் என்பது குறைந்தபட்சம்தான், கெடு இல்லை.