லெவல்: நிலையா, களமா?

பொருள்: விளையாட்டுச் சொற்பட்டியல், வரிசை 14
பி.டி.எம். 2ஆம் ஸ்டேஜிலிருந்து

வணக்கம்.

வீடியோ கேம் சொற்களுக்குத் தமிழ் தேடும் நம் பட்டியலில் லெவலுக்கு ‘நிலை’ என்று போட்டிருக்கிறோம். பழைய ஆக்‌ஷன் கேம்களுக்கு வழிகாட்டிக் குறிப்பு எழுதிப் பார்த்தால் மூன்றாவது வரியிலேயே இடிக்கிறது. “சேமித்த நிலையைத் திற” என்றால் சேவ் ஃபைலையா, லெவலையா?

‘மட்டம்’ இன்னும் மோசம். 1998இல் வந்த செல்டா ஆட்டத்தின் நீர்க்கோயில் என்ற லெவலில் தண்ணீரை மூன்று உயரங்களுக்கு மாற்ற வேண்டும். “இந்த மட்டத்தில் நீர்மட்டத்தை நடுமட்டத்துக்குக் கொண்டுவரவும்” என்று எழுதிவிட்டுச் சிரிக்காமல் இருக்க முடியவில்லை. ‘கட்டம்’ டைலுக்கு, அதாவது தரையின் ஒரு சதுரத்துக்கு, வேண்டும், அதைத் தொடக்கூடாது.

என் பரிந்துரை ‘களம்’. லெவல் என்பது முதலில் ஓர் இடம், எண் பிறகுதான் வருகிறது. 1996இன் டோம்ப் ரைடரை எடுத்துக்கொள்ளுங்கள். தரை முழுக்க ஒரே அளவுச் சதுரக் கட்டங்கள், உயரம் கால் கட்டக் கணக்கில் ஏறும். நாயகி லாரா நின்றபடி தாவினால் 1 கட்டப் பள்ளத்தைக் கடப்பாள், ஓடித் தாவினால் 2, ஓடித் தாவி விளிம்பைப் பிடித்தால் 3. செய்முறை இதுதான்: நடைப் பொத்தானை அழுத்தியபடி விளிம்புவரை போக வேண்டும், நடக்கும்போது கால் வழுக்காது. அங்கிருந்து ஒரே ஒரு குதி பின்னுக்கு. பிறகு முன்னே ஓடத் தொடங்கியதும் தாவல் பொத்தானை அழுத்திப் பிடித்தால் சரியாக விளிம்பில் கால் எழும்பும். பின்னுக்குக் குதிக்காமல் அரைக் கட்டத்திலிருந்து ஓடினால், தாவல் எழும்புவதற்குள் தரை தீர்ந்துவிடும்.

ஆக, 3 கட்டப் பள்ளத்தைக் கண்டதும் ஆட்டக்காரர் மனசுக்குள் எண்ணத் தொடங்குகிறார். புதிர் தரையிலேயே இருக்கிறது. ‘நிலை’ என்ற சொல்லில் தரை இல்லை.

---

பதில்: வரிசை 14
அல்சூரிலிருந்து

தம்பி, களம் நல்ல சொல்தான். கூட்டுச்சொல் ஆக்கிப் பார்த்தீர்களா? களம் + அமைப்பு = களவமைப்பு. திருட்டுக் கும்பலுக்குப் பெயர் வைத்ததுபோல் இருக்கிறது. ‘களவடிவமைப்பு’ என்றாலும் கண் முதலில் ‘களவு’ என்றுதான் படிக்கும்.

இன்னொன்று. பிள்ளைகள் எண்ணோடுதான் சொல்கிறார்கள், “எட்டாவது லெவல்” என்று. டேஞ்சரஸ் டேவ் என்ற பழைய ஆட்டத்தில் பத்து லெவல். கோப்பையை எடுத்தால்தான் கதவு திறக்கும், கதவைத் தாண்டினால் அடுத்தது. அது வரிசை. இங்கே பெங்களூரில் கன்னட நண்பர்கள் ‘ஹந்த’, அதாவது படிநிலை, என்கிறார்கள். நமக்கு ‘படி’ போதாதா?

---

பதில்: வரிசை 14
பி.டி.எம். 2ஆம் ஸ்டேஜிலிருந்து

ஐயா, களவுக் குற்றச்சாட்டை ஒப்புக்கொள்கிறேன். லெவல் டிசைனுக்குக் ‘களக்கட்டு’ என்று வைத்துக்கொள்ளலாம். ‘க்’ நடுவில் நின்று காப்பாற்றுகிறது. செய்பவர் களம் கட்டுபவர்.

எண்ணைப் பற்றி: என் முகவரியைப் பாருங்கள். இந்த ஊரில் இடத்தையே 1ஆம் ஸ்டேஜ், 2ஆம் ஸ்டேஜ் என்று எண்ணித்தான் சொல்கிறோம். பி.டி.எம். 2ஆம் ஸ்டேஜ்காரர் 1ஆம் ஸ்டேஜைவிடத் தேர்ந்தவர் என்று யாரும் நினைப்பதில்லை. ‘எட்டாம் களம்’ நன்றாகவே நிற்கும்.

‘படி’யை வீணாக்க வேண்டாம். அனுபவப் புள்ளி சேர்த்து உயரும் லெவலுக்கு அதுதான் பொருந்தும்: “வீரர் 12ஆம் படிக்கு உயர்ந்தார்”. மேலும், படி என்றால் ஏறிப் போய்க்கொண்டே இருக்க வேண்டும். டோம்ப் ரைடரின் செயின்ட் ஃபிரான்சிஸ் ஃபாலி என்ற லெவல் அப்படியில்லை. ஆழமான கிணறு போன்ற ஒரு கூடம், அதைச் சுற்றி நெப்டியூன், தோர், அட்லஸ், டமோகிளிஸ் என்று பெயர் எழுதிய நான்கு வாசல்கள். ஒவ்வோர் அறையிலும் ஒரு சாவி, எடுத்ததும் மறுபடி அதே கிணற்றுக்குத்தான் வருகிறோம். நான்கு முறை பார்த்த பிறகு அந்தக் கிணறு கைக்குப் பழகிவிடுகிறது. அந்தப் பழக்கத்தில்தான் சுவை. பெயரும் துப்புதான்: டமோகிளிஸ், அதாவது கதையில் தலைக்கு மேல் வாள் தொங்கியவன், பெயரை வாசலில் படித்தவர் உள்ளே போனதும் தலைக்கு மேல் பார்ப்பார்.

---

பதில்: வரிசை 14, கூடவே 22
ஜாலஹள்ளியிலிருந்து

களத்துக்கு என் வாக்கு. எனக்கு ‘நிலை’ வேறோர் இடத்தில் அவசரமாக வேண்டும்: சாஃப்ட்லாக்.

22ஆம் வரிசையில் ‘முட்டுச்சந்து’ என்று இருக்கிறது. முட்டுச்சந்தில் மாட்டினால் திரும்பி வரலாம். சாஃப்ட்லாக்கில் ஆட்டம் ஓடிக்கொண்டே இருக்கும், பாத்திரம் நடக்கும், குதிக்கும், ஆனால் முடிவை எட்ட வழியே கிடையாது. ஆட்டமே நின்றுபோவது ‘உறைவு’, அது வேறு. எனவே ‘மீளாநிலை’.

சான்று, 1989இன் பிரின்ஸ் ஆஃப் பெர்சியா. மொத்தம் 60 நிமிடம். பழைய கணினிக்கான டாஸ் பதிப்பில் மூன்றாம் களத்திலிருந்து சேமிக்கலாம், மிச்ச நேரமும் கூடவே சேமிக்கப்படும். ஐந்து நிமிடம் மிச்சமிருக்க நான்காம் களத்தில் சேமித்தவருக்கு அந்த ஃபைல் மீளாநிலை. டோம்ப் ரைடரின் பி.சி. பதிப்பில் எந்த நொடியிலும் சேமிக்கலாம். பாதாளத்தில் விழுந்துகொண்டிருக்கும்போது சேமித்தால், திறக்கும்போதெல்லாம் விழுவாள். பிளேஸ்டேஷனில் படிகம் இருக்கும் இடத்தில் மட்டுமே சேமிக்க முடியும் என்பதால் இந்த ஆபத்து இல்லை. ஆனால் ஒரு தவறான தாவலுக்கு முந்தைய படிகம்வரை பின்னால் போக வேண்டும். எது மேல் என்று கேட்டால், எனக்குப் படிகம்தான். தாவலுக்கு ஒரு விலை இருக்கிறது.

களம் கட்டுபவர் இதைத் தவிர்க்கும் விதமும் உண்டு. சோகோபான் என்ற புதிர் ஆட்டத்தில் பெட்டியைத் தள்ள மட்டுமே முடியும், மூலைக்குப் போனால் கதை முடிந்தது. லாரா கல்லைத் தள்ளவும் செய்வாள், இழுக்கவும் செய்வாள். பின்னால் ஒரு கட்டம் காலியாக இருந்தால் மூலைக் கல்லும் வெளியே வந்துவிடும்.

இன்னொரு சொல்: ‘முன்குறி’. ஆபத்தை முன்னதாகக் காட்டும் அடையாளம். பிரின்ஸில் நின்ற இடத்திலேயே குதித்தால் அந்த வரிசையின் தளர்ந்த கற்கள் ஆடிக் காட்டும். ஒரு தளம் விழுந்தால் ஒன்றுமில்லை, இரண்டு என்றால் ஓர் உயிர்ப்புள்ளி போகும், மூன்று என்றால் சாவு. இது தெரிந்தபின் செத்தால் கோபம் தன்மேல்தான் வரும். முன்குறி இல்லாத களத்தில் கோபம் ஆட்டத்தின்மேல் போகும். நீர்க்கோயிலைத் திட்டுபவர்களுக்கும் எரிச்சல் புதிரில் அல்ல. நீரில் மூழ்க உதவும் இரும்புக் காலணியை மாட்டக் கழற்ற ஒவ்வொரு முறையும் ஆட்டத்தை நிறுத்திப் பட்டியலுக்குள் போக வேண்டியிருந்தது. 2011 மறுபதிப்பில் காலணியை ஒரு பொத்தானுக்கு மாற்றிவிட்டார்கள்.

---

பதில்: வரிசை 14, 22
அல்சூரிலிருந்து

சரிம்மா, மீளாநிலைக்கு இடம் வேண்டுமென்றால் ‘நிலை’யை விட்டுத்தருகிறேன். 14: களம், களக்கட்டு. 22: மீளாநிலை. 23: முன்குறி. ‘படி’ அனுபவப் படிக்கு.

15, செக்பாயின்ட். தாயத்திலிருந்து ‘மலை’ எடுக்கலாம் என்று ஒருவர் தனிமடலில் எழுதியிருந்தார். மலையில் நிற்கும் காயை வெட்ட முடியாது என்பது சரி. ஆனால் வெளியே வெட்டுப்பட்ட காய் மலைக்குத் திரும்புவதில்லை, முதலிலிருந்துதான் ஏற வேண்டும். செக்பாயின்ட் இதற்கு நேர்மாறு: அங்கே பாதுகாப்பு இருக்கவேண்டிய அவசியமில்லை, செத்தால் அங்கிருந்து தொடங்கலாம். 1996இன் ரெசிடென்ட் ஈவிலில் தட்டச்சுப் பொறி இருக்கும் அறை, நடைபிணங்கள் உள்ளே வராத அறை இருக்கிறதே, அதற்கு ‘மலை’ அச்சாகப் பொருந்தும். அதைத் தனி வரிசையாகச் சேர்க்கிறேன். 15 இன்னும் காலி.