எய்ஷிஷோக் ஊர்ப் படங்களும் நம் டிரங்குப் பெட்டிகளும்

எல்லோருக்கும் வணக்கம்.

ஊரை விட்டு வெளியே இருக்கும் நம் குழுவுக்கு, நம் ஊர் மலருக்காகப் பழைய படம் கேட்டு நான் மடல் போட்டு மூன்று வாரம் ஆகிறது. வந்தவை மொத்தம் நாலு. அதில் இரண்டு, கோயில் கோபுரம். "ஊரிலேயே யாரிடமாவது கேட்டுப் பாருங்களேன் தம்பி" என்று ஓர் அண்ணன் எழுதியிருந்தார். அவருக்குப் பதிலாகத்தான் இது. கொஞ்சம் சுற்றி வருகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வாஷிங்டன் பக்கம் இருப்பவர்கள், 1993-ல் திறந்த யூத இனப்படுகொலை நினைவு அருங்காட்சியகத்துக்குப் போயிருப்பீர்கள். அங்கே மூன்று மாடி உயரத்துக்கு ஒரு கோபுரம். உள்சுவர் முழுக்க குடும்பப் படங்கள். குறுக்கே போகும் பாலத்தில் நின்று அண்ணாந்தும் குனிந்தும் பார்க்க வேண்டும். கல்யாண ஜோடி, சைக்கிளோடு நிற்கும் இளைஞன், மடியில் குழந்தையோடு பாட்டி என்று ஆயிரத்துக்கும் மேல். அத்தனையும் ஒரே ஊர்ப் படங்கள். லித்துவேனியாவில், பெலாரூஸ் எல்லைக்குப் பக்கத்தில் இருக்கிறது அந்த ஊர். பெயர் எய்ஷிஷ்கெஸ், யூதர்கள் தங்கள் இத்திஷ் மொழியில் எய்ஷிஷோக் என்பார்கள். 1941 செப்டம்பரில் ஜெர்மானியக் கொலைப் படையும் லித்துவேனிய உதவிப் படையினரும் சேர்ந்து, அந்த ஊரிலும் சுற்று வட்டாரத்திலும் இருந்த ஏறக்குறைய 3,500 யூதர்களை இரண்டு நாளில் சுட்டுத் தீர்த்துவிட்டார்கள்.

அந்தப் படங்களைச் சேர்த்தவர் யாஃபா எலியாக். அதே ஊர்க்காரர்; சின்னப் பெண்ணாக ஒளிந்திருந்து பிழைத்தவர். பிறகு பாலஸ்தீனம், அப்புறம் நியூயார்க், புரூக்ளின் கல்லூரியில் வரலாற்றுப் பேராசிரியர். 1979-ல், யூத இனப்படுகொலைக்கு நினைவிடம் அமைப்பது பற்றி ஆராய அமெரிக்க அதிபர் கார்ட்டர் அமைத்த குழுவோடு கிழக்கு ஐரோப்பாவுக்குப் போனார். எப்படிச் செத்தார்கள் என்பதைச் சொல்லத்தான் எல்லா இடத்திலும் நினைவிடம் இருந்தது. எப்படி வாழ்ந்தார்கள் என்பதைச் சொல்ல ஒன்றையும் காணோம். அந்தக் குறையைத் தீர்க்க அங்கே தொடங்கியதுதான் இந்தப் படம் சேர்க்கும் வேலை.

ஆனால் ஆளே இல்லாத ஊரில் படத்துக்கு எங்கே போவது? அவருடைய தாத்தாவும் பாட்டியும் ஊரில் போட்டோ ஸ்டூடியோ நடத்தியவர்கள். யூதப் புத்தாண்டு வந்தால் குடும்பத்தோடு படம் எடுத்து அமெரிக்காவில் இருக்கும் சொந்தக்காரர்களுக்கு அனுப்புவது அந்த மக்களின் வழக்கம். நாம் பொங்கல் வாழ்த்து அனுப்பிய மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படிக் கடல் தாண்டிப் போன படங்கள் பல, யார் யார் வீட்டு மேசை இழுப்பறையிலோ கிடந்து தப்பின. அவற்றைத் தேடிப் பதினேழு வருடம் கண்டம் கண்டமாக அலைந்தார். சுமார் 6,000 படங்கள் சேர்ந்தன. 1998-ல் ஊர் வரலாற்றையும் எண்ணூறு பக்கத்துக்கு மேல் எழுதி முடித்தார். இஸ்ரேலில் அப்படியே ஓர் ஊரை மறுபடி கட்டவும் பார்த்தார். அது மட்டும் நடக்கவில்லை. 2016-ல் காலமானார்.

இப்போது அண்ணன் கேள்விக்கு வருகிறேன். நம் ஊரில் அப்படி எதுவும் நடக்கவில்லை. அதோடு நம்மை ஒப்பிடவே கூடாது. நம் படங்களைத் தின்றது கறையானும் ஒழுகும் ஓட்டுக்கூரையும்தான். எங்கள் வீட்டை இடித்துக் கட்டியபோது பரணில் இருந்த ஆல்பம் குப்பையோடு போனது. அம்மாவின் கல்யாணப் படத்தில் இன்று இருப்பது ஒரே ஒரு பிரதி. பினாங்கிலிருந்த பெரியப்பாவுக்குத் தபாலில் அனுப்பியது. ஊரில் கேட்டிருந்தால் அது கிடைத்திருக்காது அண்ணே.

அதனால் உங்கள் பெட்டியை ஒருமுறை திறந்து பாருங்கள். கிடைப்பதை ஸ்கேன் செய்யும்போது பின்பக்கத்தையும் சேர்த்து எடுங்கள். பேனாவில் கிறுக்கியது, ஸ்டூடியோ முத்திரை எதையும் விடாதீர்கள். யார் என்று தெரியாத படமா? அதையும் அனுப்புங்கள். மூக்கைப் பார்த்தே எந்தத் தெரு என்று சொல்லும் ஆட்கள் இந்தக் குழுவில் இருக்கிறார்கள்.