பெரியம்மாவின் கோல நோட்டில் ஒரு குரோஷா கணக்கு: புரியவில்லை, உதவுங்கள்

தாழம்பூ:

எல்லோருக்கும் வணக்கம். குரோஷா ஊசி பிடித்து எட்டு மாதம் ஆகிறது. இதுவரை கைப்பை, குழந்தைத் தொப்பி, வாசல் தோரணம் என்று வீடியோ பார்த்துத்தான் பின்னினேன். போன மாதம் அம்மா வீட்டுப் பரணைச் சுத்தம் செய்தபோது, இறந்துபோன என் பெரியம்மாவின் கோல நோட்டு கிடைத்தது. அதோடு அவர் பின்னிய ஒரு வட்ட விரிப்பும் பழைய புடவைக்குள் மடித்து வைத்திருந்தது. வெள்ளை நூல், முக்கால் அடி விட்டம் இருக்கும், சுற்றிலும் அன்னாசிப் பழ வடிவத்தில் 8 பூவேலை, இதை அன்னாசி என்றே சொல்வார்கள். எங்கள் வீட்டில் அது பூச்சாடிக்கு அடியில் கிடந்தது சின்ன வயதில் பார்த்த ஞாபகம் இருக்கிறது, ஆனால் அதை ஒருவர் உட்கார்ந்து பின்னியிருப்பார் என்று அப்போது தோன்றியதே இல்லை.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் பென்சிலில் இப்படி எழுதியிருக்கிறார்:

8 சங். சேர். 16 ட்ரெ.
1 ட்ரெ 2 சங். 16 தரம்.
2–2–2. எட்டு இடம்.
11 ட்ரெ விசிறி. 8.
10–1 ஊடு.

முதலில் ஏதோ கோலக் கணக்கு என்றுதான் நினைத்தேன். "சங்." என்பது சங்கிலி, "ட்ரெ" என்பது ட்ரெபிள் என்ற பின்னல் என்று தோன்றிய பிறகுதான் விரிப்பின் கணக்கு என்று பிடிபட்டது. உடனே 20 நம்பர் நூலும் 1.25 மில்லிமீட்டர் ஊசியும் வாங்கி ஆரம்பித்துவிட்டேன். ட்ரெபிள் எப்படி என்று வீடியோவில் பார்த்து, ஊசியில் நூலை இரண்டு முறை சுற்றிப் பின்னினேன். நான்காவது வரிசையிலேயே தட்டையாக நிற்காமல் கிண்ணம் மாதிரி மேலே குவிகிறது. மூன்று முறை பிரித்துப் பின்னியும் அதே கதைதான். எண்ணிக்கை எல்லாம் சரியாக இருக்கிறது, எண்ணி எண்ணிப் பார்த்துவிட்டேன். கடைசி வரியில் உள்ள "10–1 ஊடு" சுத்தமாகப் புரியவில்லை.

இன்னொன்று. இது சரியாக வந்துவிட்டால் முழுப் பேட்டர்னையும் தமிழில் எழுதி, வேண்டும் என்பவர்களுக்கெல்லாம் கொடுக்க ஆசை. எந்தச் சொற்களை வைத்து எழுதினால் எல்லோருக்கும் புரியும்? அம்மாவுக்குச் சங்கிலி போடுவதைத் தாண்டி எதுவும் தெரியாது, கேட்கவும் வேறு ஆள் இல்லை.

விஜி_ஊசிநூல்:

தாழம்பூ, உங்கள் எண்ணிக்கையில் தவறில்லை. ட்ரெபிள்தான் வேறு.

கான்வென்ட்டில் தையல் வகுப்பில் குரோஷா கற்றவள் நான், இப்போது 63 வயது. எங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததெல்லாம் பிரிட்டிஷ் பெயர்கள். அதில் ட்ரெபிள் என்றால் ஊசியில் ஒரே ஒரு முறை நூலைச் சுற்றிப் பின்னுவது. அமெரிக்க முறையில் அதற்குப் பெயர் டபுள் குரோஷா, அவர்கள் ட்ரெபிள் என்று சொல்வது இரண்டு சுற்று. வீடியோக்களில் பெரும்பாலும் அமெரிக்கப் பெயர்களே வருகின்றன. பெரியம்மா ஒரு சுற்றில் பின்னச் சொன்னதை நீங்கள் இரண்டு சுற்றில் பின்னியிருக்கிறீர்கள்.

குவிவதற்குக் காரணமும் அதுதான். இரண்டு சுற்றுப் பின்னல் உயரமானது. ஒவ்வொரு வரிசையிலும் வட்டம் வேகமாக அகலப் பார்க்கும், ஆனால் எண்ணிக்கை அதற்கேற்ப ஏறவில்லை, அதனால் சுற்றளவு போதாமல் ஓரம் மேலே இழுக்கும். எண்ணிக்கை தேவைக்கு மேல் போனால் இதற்கு நேர்மாறாகப் பாவாடைக் கரை மாதிரி ஓரம் அலையடிக்கும். இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டால் எந்த வட்டப் பின்னல் என்றாலும் தவறு எங்கே என்று கையே சொல்லிவிடும்.

"2–2–2" என்பது ஒரே இடைவெளிக்குள் 2 ட்ரெபிள், 2 சங்கிலி, 2 ட்ரெபிள். அன்னாசிக்கு நடுவே ஏறிப்போகும் சின்னச் சிப்பி அதுதான், விரிப்பில் தேடினால் கண்ணில் படும்.

இனி கடைசி வரி. அதைப் படித்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஊடுபுள்ளிக் கோலம் போட்டிருப்பீர்கள் அல்லவா? 15 புள்ளி ஊடாக 8 வரை என்றால் வரிசைக்கு ஒரு புள்ளி குறையும், மேல் வரிசைப் புள்ளி கீழ் வரிசையின் இரண்டு புள்ளிக்கு நடுவில் உட்காரும். அன்னாசிப் பின்னலும் அப்படியே. ஒரே இடத்திலிருந்து விரியும் 11 ட்ரெபிள் விசிறியின் தலையில் ஒவ்வொன்றுக்கும் நடுவே 3 சங்கிலி போட்டு வளைத்தால் 10 கண்ணி வரும். அடுத்த வரிசையில் அந்தக் கண்ணிகளின் நடுவில் பிடித்துப் பின்னும்போது 9, அப்புறம் 8, 7 என்று ஒரே ஒரு கண்ணியில் வந்து முடியும். 10–1 ஊடு. ஆங்கிலப் புத்தகத்தில் அரைப் பக்கம் எழுதும் விஷயத்தைப் பெரியம்மா கோலக் கணக்கில் ஒரே சொல்லில் எழுதிவிட்டார். நாற்பது வருஷமாகக் கோலமும் போடுகிறேன் அன்னாசியும் பின்னுகிறேன், இரண்டையும் இப்படிச் சேர்த்துப் பார்த்ததே இல்லை.

திருப்பூர்_பின்னல்:

வணக்கம் அக்கா. நான் இங்கே பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். நாள் முழுக்க வட்டப் பின்னல் இயந்திரங்களுக்கு நடுவில் நிற்பவன் ராத்திரி வீட்டுக்கு வந்து ஏன் ஊசியைப் பிடிக்கிறாய் என்று கேட்கிறார்கள். இயந்திரம் பின்னுவது நிட்டிங்தான், குரோஷாவைக் கைதான் பின்ன வேண்டும், கடையில் பார்க்கும் ஒவ்வொரு குரோஷாத் துண்டும் யாரோ ஒருவர் கையில் வந்தது. அது தெரிந்த நாளிலிருந்து எனக்கு இதன் மேல் பைத்தியம்.

தமிழில் எழுதுவது பற்றி என் யோசனை: டபுள், ட்ரெபிள் என்ற பெயர்களையே விட்டுவிடுங்கள். ஊசியில் நூலை எத்தனை முறை சுற்ற வேண்டும் என்பதை மட்டும் எழுதுங்கள். "சுற்றாமல்", "ஒரு சுற்று", "இரண்டு சுற்று". பிரிட்டிஷ் புத்தகம் படித்தவரும் அமெரிக்க வீடியோ பார்த்தவரும் குழம்பாமல் பின்னுவார்கள்.

விரிப்பைப் பார்த்து எண்ணுவதற்கு ஒரு வழி. கறுப்புத் துணியைப் பின்னால் வைத்து ஜெராக்ஸ் கடையில் பெரிதாக்கி இரண்டு பிரதி எடுங்கள், வெள்ளை நூல் ஒவ்வொரு கண்ணியாகத் தெரியும், பேனாவால் குறித்துக்கொண்டே போகலாம். பழைய நூலை அடிக்கடி கையில் எடுத்து இழுக்க வேண்டாம் அக்கா.

அப்புறம், நூல் நம்பரும் ஊசி அளவும் கட்டாயம் எழுதுங்கள். 10 நம்பரை விட 20 மெல்லிசு, 40 அதைவிட மெல்லிசு, புதிதாக வருபவர்கள் இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்வார்கள். முதல் 4 வரிசை முடிந்ததும் விட்டம் எத்தனை சென்டிமீட்டர் என்று குறிப்பிட்டால், கை இறுக்கமாக இருப்பவர்கள் அங்கேயே தெரிந்துகொண்டு ஊசியை மாற்றிக்கொள்வார்கள்.

விஜி_ஊசிநூல்:

தம்பி சொல்வது நல்ல யோசனை. ஆனால் வட்டப் பின்னலில் ஒவ்வொரு வரிசையையும் நாம் "சுற்று" என்றுதானே சொல்கிறோம்? "மூன்றாம் சுற்றில் ஒரு சுற்று 16" என்று எழுதினால் யாருக்குப் புரியும்? வரிசையை "வட்டம்" என்று எழுதிவிடலாம். சங்கிலி, கண்ணி, விசிறி எல்லாம் நம் வாயில் இருப்பவைதான். முனையைச் சேர்த்து வட்டமாக்கும் ஸ்லிப் ஸ்டிச்சுக்கு மட்டும் "சேர்" என்று பெரியம்மா எழுதியதையே வைத்துக்கொள்ளுங்கள்.

கைவேலை_கனி:

எல்லோரும் உற்சாகமாகப் பேசும்போது மாற்றிப் பேசுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் ஆர்டர் எடுத்துப் பின்னி விற்பவள், அதில்தான் பிள்ளைகளுக்கு ஃபீஸ் கட்டுகிறேன். இரண்டு வருஷத்துக்கு முன் நானே யோசித்து எடுத்த ஒரு பொம்மைப் பேட்டர்னைக் கேட்டவர்களுக்கெல்லாம் அனுப்பினேன். ஆறு மாதத்தில் அது யாரோ ஒருவர் பெயரில் விலைக்கு வந்தது, படம் கூட நான் எடுத்த படம். இன்று வரை அந்த வலி போகவில்லை. ஆந்திராவில் நரசாபுரம் பக்கம் குரோஷா லேஸ் எவ்வளவு பேர் பெற்றது என்று எல்லோருக்கும் தெரியும், புவிசார் குறியீடு கூட வாங்கிவிட்டார்கள். வீட்டில் உட்கார்ந்து அதைப் பின்னும் பெண்களுக்கு வரும் கூலி ரொம்பக் குறைவு. கை வேலையின் அருமை இங்கே இப்படித்தான் இருக்கிறது. தாழம்பூ, நீங்கள் எழுதப்போவது பல நாள் உழைப்பு. சும்மா கொடுத்தால் சும்மா கிடைத்த பொருளாகத்தான் மதிப்பார்கள். சின்ன விலையாவது வையுங்கள்.

விஜி_ஊசிநூல்:

கனி, உங்களுக்கு நடந்தது அநியாயம். நீங்கள் எழுதிய வரிகளும் எடுத்த படமும் உங்கள் உரிமை. நம் நாட்டில் 1957-ஆம் வருஷச் சட்டப்படி எழுதியவர் காலத்துக்குப் பிறகும் 60 வருஷம் அந்த உரிமை உண்டு. சங்கிலியும் அன்னாசியும் யாருக்கும் சொந்தமில்லை, ஆனால் அதை விளக்கி நீங்கள் எழுதியதை அப்படியே எடுத்து விற்பது திருட்டு. தாழம்பூவும் இதைக் கவனிக்க வேண்டும். பெரியம்மா ஏதாவது பத்திரிகையிலிருந்து எடுத்திருக்கலாம், ஆகவே எங்காவது அச்சில் பார்த்தால் அந்த வரிகளைத் தொடாமல், விரிப்பை எண்ணி உங்கள் சொந்த வாக்கியத்தில் எழுதுங்கள்.

பிழைப்புக்குப் பின்னுபவர்கள் பேட்டர்னுக்கு விலை வைப்பதுதான் நியாயம், அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் எனக்குத் தெரிந்த பின்னல் எல்லாம் யாரோ சும்மா சொல்லிக்கொடுத்ததுதான். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த ஒரு அம்மா என் கையைப் பிடித்து விசிறி கற்றுக்கொடுத்தார், பெயர் கூடக் கேட்கவில்லை. மார்கழியில் எதிர்வீட்டு வாசலில் பார்த்த கோலத்தை நோட்டில் வரைந்துகொண்டு மறுநாள் நம் வாசலில் போடுவோமே, எதிர்வீட்டுக்காரி அதைப் பார்த்து நின்று சிரிப்பாளே, அந்தச் சந்தோஷத்துக்கு விலை போட எனக்குத் தெரியவில்லை. சென்னையில் 2016 ஜனவரியில் மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ் குழுவினர் 11,148.5 சதுர மீட்டர் போர்வையை இணைத்து கின்னஸ் சாதனை செய்தார்கள். பல ஊர்ப் பெண்கள் தனித்தனியாகப் பின்னிய சதுரங்கள் அளவு மாறாமல் ஒன்றோடொன்று சேர வேண்டும் என்றால் பின்னும் முறை எல்லோர் கைக்கும் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும் அல்லவா? சாதனை முடிந்ததும் போர்வைகளைத் தேவைப்பட்டவர்களுக்குக் கொடுத்தார்கள் என்று படித்தபோது, அதில் ஒரு சதுரமாவது நான் பின்னியிருக்கலாமே என்று ஏங்கினேன்.

கைவேலை_கனி:

புரிகிறது அக்கா. தாழம்பூ, கொடுப்பதாக இருந்தால் ஒவ்வொரு பக்கத்திலும் பெரியம்மா பெயரைப் போடுங்கள், விற்கக் கூடாது என்று தெளிவாக எழுதுங்கள். பின்னிய விரிப்பை விற்கலாமா கூடாதா என்பதையும் சொல்லிவிடுங்கள், என் மாதிரி ஆட்கள் அதைத்தான் முதலில் தேடுவோம். பின்னிப் பார்க்க ஆள் வேண்டும் என்றால் நான் வருகிறேன்.

தாழம்பூ:

பத்து நாள் கழித்து வருகிறேன். விஜி அக்கா, ஒரு சுற்றில் பின்னினேன், வட்டம் தட்டையாக உட்கார்ந்துவிட்டது!! முதல் அன்னாசி 10, 9, 8 என்று குறைந்துகொண்டே போய் ஒற்றைக் கண்ணியில் முடிந்தபோது ராத்திரி ஒரு மணி. அம்மாவை எழுப்பிக் காட்டினேன். அவர் விரிப்பையும் என்னுடையதையும் மாறி மாறித் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தார், ஒன்றும் பேசவில்லை.

ஜெராக்ஸ் எடுத்து எண்ணியதில் ஒன்று தெரிந்தது. 5வது அன்னாசியின் விசிறியில் 11 இல்லை, 10தான். அதனால் 9 கண்ணியில் ஆரம்பிக்கிறது. ஆனால் எல்லா அன்னாசியும் ஒரே உயரத்தில்தான் முடிகின்றன. தேடிப் பார்த்தால், கண்ணி வரிசைகளில் 4வதில் ஒரே கண்ணிக்குள் இரண்டு முறை பின்னி 7-ஐ 7-ஆகவே வைத்திருக்கிறார், மற்ற அன்னாசிகளிலும் அந்த வரிசையில் 7தான் வரும். தவறு நடந்ததைப் பார்த்தும் பிரிக்காமல், மூன்று வரிசை தள்ளி யாருக்கும் தெரியாத மாதிரி சரிசெய்திருக்கிறார். இத்தனை வருஷமாக யாருமே கண்டுபிடிக்கவில்லை. இதைப் பேட்டர்னில் எப்படி எழுதுவது?

கனி அக்கா சொன்னபடி பெயர் போட்டு எழுதிவிட்டேன். பின்னியதைத் தாராளமாக விற்கலாம், பேட்டர்னை மட்டும் விற்கக் கூடாது. உங்களுக்கு அனுப்பியிருக்கிறேன்.

திருப்பூர்_பின்னல்:

பேட்டர்னில் எட்டுக்கும் 11 என்றே எழுதுங்கள் அக்கா, இல்லாவிட்டால் பின்னுபவர்கள் தவிப்பார்கள். பெரியம்மா சரிசெய்த விதத்தைக் கடைசியில் தனியாக எழுதுங்கள், விசிறியில் ஒன்று விட்டுப்போனால் பிரிக்காமல் தப்பிக்க வழி இது என்று. எனக்கே போன வாரம் அது தேவைப்பட்டது.

கைவேலை_கனி:

பின்னி முடித்துவிட்டேன். அரிசிக் கஞ்சியை நீர்க்கக் கரைத்து நனைத்து, பிழியாமல் துண்டில் ஒற்றி, குண்டூசி குத்திக் காயப்போட்டிருக்கிறேன், காய்ந்ததும் படம் போடுகிறேன். ஒரு இடம் திருத்த வேண்டும். அன்னாசியில் கடைசி 3 கண்ணி வரும்போது வட்டமாகப் போக முடியாது, ஒவ்வொரு அன்னாசியையும் தனியாகத் திருப்பித் திருப்பிப் பின்னி நூலை வெட்ட வேண்டும். நீங்கள் வட்டம் என்றே எழுதிக்கொண்டு போகிறீர்கள். நான் விரிப்புப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன்.

தாழம்பூ:

ஐயோ, கை தானாகத் திரும்பியிருக்கிறது, எழுத விட்டிருக்கிறேன். இப்போதே சேர்க்கிறேன். ஒவ்வொரு முனையிலும் எவ்வளவு நூல் விட்டு வெட்டினீர்கள் அக்கா?