ஆழ்மனசை சயின்ஸால முழுசா அளக்க முடியுமா?

தெம்பனிஸ்வாசி:
பாலிடெக்னிக்ல சைக்காலஜி மாடியூல் எடுத்திருக்கேன். தப்புன்னு நிரூபிக்க வழியே இல்லாத தியரி சயின்ஸ் கிடையாது, தத்துவவாதி கார்ல் பாப்பர், ஆழ்மனசுதான் நம்மை ஆட்டுவிக்குதுன்னு சொன்ன ஃப்ராய்டை அப்படித்தான் ஒதுக்கினாருன்னு லெக்சரர் சொல்லிட்டு அடுத்த ஸ்லைடுக்குப் போயிட்டாங்க. அப்போ ஆழ்மனசுன்னு ஒண்ணு இல்லவே இல்லையா? தைப்பூசத்துல எங்க மாமா காவடியோட டேங்க் ரோடு கோயில் வரைக்கும் அருள் வந்து ஆடிட்டே போனாரு, அப்புறம் கேட்டா பாதி வழி ஞாபகமே இல்லைங்கறாரு, அதை என்னன்னு எடுத்துக்கறது?

செங்காங்அக்கா:
இருக்கு தம்பி, ஃப்ராய்டை விட்டுட்டுப் பாத்தாலும் ஆதாரம் இருக்கு. ஹெச்.எம்.னு ஒரு நோயாளிக்கு 1953ல வலிப்புக்காக மூளைல ஆபரேஷன் பண்ணினாங்க, அதுக்கப்புறம் புதுசா எதுவும் ஞாபகத்துல நிக்கல. பிரெண்டா மில்னர்ங்கற மனநல ஆய்வாளர் அவரைக் கண்ணாடில பாத்து நட்சத்திரம் வரைய வச்சாங்க, நாளுக்கு நாள் நல்லா வரைஞ்சாரு, ஆனா முன்னாடி வரைஞ்சதே அவருக்கு ஞாபகம் இல்ல. இதெல்லாம் அளந்து பாத்த விஷயம்.

கிளமெண்டி77:
அக்கா சொல்றது கைப்பழக்கத்துக்கு சரி, மாமா விஷயம் அதோட முடியாது. 2008ல ஜான் டிலன் ஹேன்ஸ்ங்கற மூளை ஆய்வாளரோட குழு எஃப்எம்ஆர்ஐங்கற மூளை ஸ்கேன் வச்சு, ஒருத்தர் எந்தக் கை பட்டனை அமுக்குவாருன்னு அவரே முடிவெடுத்ததா உணர்றதுக்கு பல செகண்ட் முன்னாடியே கணிச்சாங்க, உடனே நம்ம இஷ்டம்னு ஒண்ணு இல்லவே இல்லைன்னு கிளம்பிட்டாங்க பல பேரு. கணிப்பு சரியா வந்தது சுமார் 60% தான், கண்ணை மூடிட்டு சொன்னாலே 50% வருமே! அதோட அந்த மெஷின் பாக்கறது ரத்தத்துல இருக்கற ஆக்ஸிஜன் மாற்றத்தை, எப்போ முடிவு பண்ணீங்கன்னு தெரிஞ்சுக்க கடைசில அந்த ஆளையேதான் கேக்கணும். எனக்கு இதுதான் பெரிய தடையா தெரியுது, ஆழ்மனசை ஆராயற டெஸ்ட்ல பெரும்பாலும் 'உங்களுக்குத் தெரிஞ்சுதா?'ன்னு கேட்டு அவர் சொல்றதை நம்பித்தான் ஆகணும்.

செங்காங்அக்கா:
சரிதான், ஆனா வெளியிலிருந்தும் கொஞ்சம் பாக்கலாம். ஸ்பெயின்ல சான் பெட்ரோ மான்ரிக்கேங்கற ஊர்ல தீமிதிக்கறவங்க இதயத்துடிப்பை அளந்தாங்க, 2011ல அந்த ஆய்வு வந்துச்சு, பாத்துட்டு நின்ன சொந்தக்காரங்க துடிப்பும் அதோட ஒத்துப்போச்சு, சம்பந்தமில்லாதவங்களுக்கு அப்படி இல்ல. ஆனா மிதிச்சவருக்கு உள்ள என்ன ஓடுச்சுன்னு அந்த கிராஃப் சொல்லாது.

தெம்பனிஸ்வாசி:
அப்போ மாமா சொன்னதை என் ரிப்போர்ட்ல டேட்டாவா போடலாமா?

கிளமெண்டி77:
தாராளமா போடு, அவர்கிட்ட கேட்டுட்டு. ஆனா அவர் சொன்னதுன்னே எழுது, மூளைல இதுதான் நடந்துச்சுன்னு எழுதிடாத.